ஒதுக்கப்பட்ட சொற்கள்

யீஷூன், பத்தாவது மாடி, சனி இரவு.
மின்விசிறிக்குக் கீழே மூன்று மடிக்கணினி,
பையில் கட்டிவந்து ஆறிப்போன கோப்பி.
முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டோம்.

வகுப்பு என்றான் தயாபரன்.
வருகைப் பதிவு எடுப்பார்களா என்று சிரித்தாள் அத்திகா.
இனம் என்றேன் நான். மூன்றே எழுத்து,
விரலுக்கு வலிக்காது.
அவள் சிரிப்பு நின்றது.
அடையாள அட்டையில் எனக்கு ஏற்கெனவே
அந்தப் பெயரில் ஒரு கட்டம் இருக்கிறது.
அழித்துவிட்டு வகை என்று அடித்தேன்.
வகை யாரையும் எதுவும் கேட்கவில்லை.

பொருளுக்குப் போட்டியே இல்லை.
கையில் இருப்பதும் பொருள், சொல்லில் இருப்பதும் பொருள்,
மாதக் கடைசியில் இல்லாததும் பொருள்.
ஒரு மணிக்கு இயந்திரம் முதன்முதலாகத் தமிழில் பிழை சொன்னது:
பதினான்காம் வரி, பொருள் இல்லை.
என் கவிதைகளைப் பற்றி மனைவி சொல்வதைக்
கணினி வாயால் கேட்டு
மூவரும் எழுந்து நின்று கைதட்டினோம்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.

ஒரு பொருள் தன்னைச் சுட்ட என்ன சொல்லும்?
நான் என்றால் வண்டி வாய் திறந்து பேசுகிறது.
இது என்றால் யாரோ வெளியே நின்று விரல் நீட்டுகிறார்.
தான் என்றான் தயாபரன்.
ஆண், பெண், உயர்திணை, அஃறிணை எதுவும் பார்க்காத சொல்.
தான்.வேகம் என்று எழுதித்
தன் வேகம் என்று வாசித்தோம்.
நடுவில் அந்தப் புள்ளி:
மெய்யின் தலையில் ஏறினால் உயிரை எடுப்பது,
இங்கே காலடியில் உட்கார்ந்து
ஆறாம் வேற்றுமையின் வேலையைப் பார்க்கிறது.

அடுத்தது, ஒன்றிலிருந்து ஒன்று வருவதற்கு.
வாரிசு என்றால் யாராவது சாகவேண்டும்;
அப்பா விட்டுப்போன வீட்டுக்காகத் தயாபரன்
அண்ணனோடு பேசி ஒன்பது மாதம்.
மரபு என்றால் பின்னாலேயே பொன்னாடை வந்துவிடும்.
குலம்
நானே அடித்தேன், நானே அழித்தேன்.
திரையில் அது இருந்த இரண்டு விநாடி
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வழி என்றாள் அத்திகா.
வகை மிதிவண்டி வழி வண்டி.
உரக்கச் சொல்லிப் பார்த்தோம், எங்கும் இடறவில்லை.

பிறகு விதியை வாசித்தேன்:
ஒரு வகைக்கு ஒரே வழி.
இரண்டு பெற்றோர் இருந்தால்
எதை எடுப்பதென்று இயந்திரம் குழம்பும்.

என் அம்மா மலாய், அத்தா கடையநல்லூர் என்றாள்.
அட்டையில் நடுவே ஒரு சின்னக் கோடு.
எதை எடுப்பதென்று இருபத்தொன்பது வருஷம்
நான் குழம்பியதில்லை.
கேட்டவர்கள்தான்.

கடைசி ரயில் போய்விட்டிருந்தது.
நாற்பது வரியைக் கலைத்துப் போட்டோம்.
விடியுமுன் ஒரு காற்புள்ளியை அது விழுங்கியது:
வகை படகுவீடு வழி படகு, வீடு.

இரண்டிலும் கதவு இருந்தது.
எந்தக் கதவு என்று கேட்டது.
அதற்கு இன்னும் சொல் வைக்கவில்லை.
தயாபரன் பரோட்டா வாங்கக் கீழே போனான்.