அரைப் பேர்

முதலில் நிழல்தான் வந்தது.
ஏழாம் நம்பர் மலையில், தேயிலை நிரைகளின் மேல்,
ஒரு வாதிலும் சிக்காமல் ஏறிப் போயிற்று.
நான் நிமிர்வதற்குள் அது சாமிமலைப் பக்கம்.
அப்புறம்தான் சத்தம்.

அது காதால் கேட்கிற சாமான் இல்லை.
பல்லில் கேட்டது.
கூடைக் கயிற்றில் கேட்டது.
தூக்குச் சட்டியில் ஆறிப்போன தேத்தண்ணியில்
வட்டம் வட்டமாய்க் கேட்டது.

மவுசாகலைத் தண்ணியைத் தொடுகிற மாதிரி வந்து
எங்கள் மலையில் மூக்கைத் தூக்க வேண்டுமாம்,
அதுதான் பாடமாம்.
டவுனில் சொன்னார்கள்.
ஓட்டுகிறவன் பழகுகிறவன்.
பழகட்டும், நானும் பழகித்தான் வந்தேன்.
முதல் மாதம் விரலெல்லாம் வெட்டு.
ஆனால் என் பிழைக்கு
என் விரல்தான் கிழிந்தது.

டர்பன்டைன் மரத்தில் கூடு இருந்தது
எல்லோருக்கும் தெரியும்.
கறுப்பாய், அரை மூட்டை அரிசி கனத்துக்கு.
பதினொரு மாதமாய் அதன் கீழேதான் கொழுந்தெடுத்தோம்.
சந்தனமேரி தன் இருமலைக்கூடத்
தலைத்துண்டுக்குள் இருமுவாள்.
குளவியோடு எங்களுக்கு ஓர் ஒப்பந்தம்.
கம்பெனியோடு இருப்பதைவிட
ஒழுங்கான ஒப்பந்தம்.

அதை வானத்திலிருந்து ஒருவன் கிழித்தான்.
கூடு ஒரு தரம் நடுங்கியது.
பிறகு
மரத்துக்குள்ளிருந்து இன்னொரு மரம் கழன்று விழுந்தது போல
அத்தனையும் இறங்கின.

"ஓடாதீங்க, படுங்க!"
ஜெபமணிக் கங்காணி கத்திக்கொண்டே ஓடினார்.
இடுப்பில் படங்கோடு ஓடவும் முடியாது.
நான் செடிக்கடியில் புகுந்தேன், கன்னம் கிழிந்தது.
யோகமலர் நிரையின் நடுவில்.
கூடையைக் கழற்றித் தலையில் கவிழ்த்தாள்.
கொழுந்து அவள்மேல் கொட்டியது.
பிறகு குளவி.

கொழுந்து லொறியில் கொண்டுபோனோம்.
அந்த ரோட்டை உங்களுக்குத் தெரியாது.
மூன்றாம் வளைவில் என் கையை இறுக்கினாள்.
ஐந்தாம் வளைவில்
நான் மட்டும்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

படிவத்தை நிரப்பியதும் நான்தான்,
சிங்களமும் எழுத வரும் என்பதால்.
'காயத்துக்குக் காரணம்'.
அதற்கு ஒரே ஒரு கோடு.
விமானம் என்று எழுதினேன்.
மருந்தையா பேனாவை வாங்கி அதை வெட்டினார்,
கோபமாய் இல்லை.
"குளவின்னு எழுதினா காசு வரும் பிள்ள.
வானத்த எழுதினா விசாரணதான் வரும்."
குளவி.
மூன்றே எழுத்து.
கோட்டில் நிறைய இடம் மிச்சமிருந்தது.

சங்கத்தில் கடிதம் போட்டார்கள்.
மூன்று வரியில் பதில்:
பயிற்சி, அனுமதிக்கப்பட்ட உயரத்தில்.
எங்கேயிருந்து அளந்த உயரம் என்று அதில் இல்லை.
கடலிலிருந்து என்றால்
நாங்களே நாலாயிரம் அடியில்
கூடையோடு பறந்துகொண்டிருக்கிறோம்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும்.
அங்கேயிருந்து பார்த்தால் பச்சை ஒரே பச்சை,
யாரும் இஸ்திரி போட்டு விரித்த துணி.
மூக்கை நேரத்துக்குத் தூக்கினான்,
நல்ல புள்ளி கிடைத்திருக்கும்.
இரவு சாப்பிட்டிருப்பான்.

பத்தாம் திகதி
சம்பளச் சிட்டையைச் சத்தியநாதன் வாங்கிவந்து
என்னிடம் நீட்டினான், வாசித்துச் சொல் என்று.
மனைவி பெயருக்கு நேரே அந்தச் செவ்வாய்க்கிழமை:
அரைப் பேர்.
காலை நிறுவையில் ஆறு கிலோ.
பகல் நிறுவைக்கு அவள் வரவில்லை.

ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னான்.
வாசித்தேன்.

இன்றைக்கும் செவ்வாய்.
டர்பன்டைன் மரத்தில் புதிதாய்க் கட்டத் தொடங்கியிருக்கின்றன,
இப்போதைக்கு என் கைப்பிடி அளவு.
பத்து மணி ஆகப் போகிறது.
சந்தனமேரி
தலைத்துண்டுக்குள் இருமுகிறாள்.