கொம்பும் காலும்

வரிகளைத் தனிக் கோப்பாக வைத்தால்
மூன்றாம் கைக்குப் போவதற்குள் உதிர்ந்துவிடும்.
வாட்ஸப் படத்தை மட்டும்தான் தூக்கிப் போகும்.
அதனால் எரிக்க வேண்டும்,
ஒவ்வொரு பிரேமிலும், பிறகு யாரும் பிரிக்க முடியாதபடி.
எரிப்பது என்றுதான் இந்தத் தொழிலில் பெயர்.
மதுரையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லைக்
கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

செல்லூரில் இரவு பதினொன்றரை.
கீழ்வீட்டுத் தறி நின்றுவிட்டது.

படத்தில் ஜெசிந்தா.
கப்பலூர்த் தையல் கம்பெனி, மூன்று மாதச் சம்பளம்,
பூட்டிய கேட், மேனேஜரின் அணைந்த போன்,
எல்லாவற்றையும் ஆறு நிமிடம் நாற்பது வினாடியில்
கையால் சொல்லி முடித்திருக்கிறாள்.
பின்னால் சத்தம் என்று இருப்பது
யார் வீட்டுக் குக்கரோ மூன்று விசில்.
அவளுக்கு அது தெரியாது.
நானும் எழுதவில்லை.

கறுப்புத் திரை. எஃப்எஃப்எம்பெக்.
உள்ளே போகும் படம், வரிகளின் கோப்பு,
வெளியே வரும் பெயர். என்டர்.

முதல் தடவை சம்பளம் என்ற இடத்தில்
ஏழு பெட்டி. ஏழும் காலி.
அந்த எழுத்துரு தமிழைப் பார்த்ததே இல்லை.
அடுத்த தடவை எழுத்து வந்தது, உடைந்து வந்தது:
கொம்பு பின்னால், கால் எங்கோ,
புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில்.
கொம்பு முன்னால்தான் வரும் என்று
அலங்காநல்லூரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

எழுத்துருவை மாற்றி, நிரலின் புதுப் பதிப்பை இறக்கி
ஒருவழியாகச் சரியானதும் அவளுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
உடனே வீடியோ கால்.
கைகள் இரண்டையும் கேமராவுக்கு நேரே நீட்டி
ஒரு செய்தித்தாளால் மூடிக் காட்டினாள்.

மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன்.
வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு, சரியாக நடுவில்,
அவள் விரல்களின்மேல்.
ஆறு நிமிடம் நாற்பது வினாடியும்
அவள் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

படத்துக்கு அடியில்
நூற்றறுபது பிக்சல் வெறும் இருட்டைச் சேர்த்தேன்.
வரிகள் அங்கே இறங்கி நிற்கட்டும்.

விட்டாளா? நான்காம் நிமிடம் என்றாள்.
நான் எழுதியிருந்தது: தயவுசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
என் கைப்பேச்சு அரைகுறை, தம்பியிடம் பொறுக்கியது.
அவள் திரும்பச் செய்து காட்டினாள்.
மேல் பார்த்த உள்ளங்கை,
நெஞ்சை நோக்கி ஒரே இழுப்பு.
கும்பிடு எங்கேயும் இல்லை.

எரித்ததில் ஒரு சொல்லை மட்டும் பிடுங்க முடியாது.
மூலப் படத்திலிருந்து, திரும்ப முதலிலிருந்து
பத்தாயிரம் பிரேம்.
எண் ஏறுகிறது, வேகம் அரைக்கும் கீழே,
மடிக்கணினி சுடுகிறது, சார்ஜர் வயரைக்
காலால் மிதித்துப் பிடித்திருக்கிறேன்,
கரண்ட் போய்விடக் கூடாது.

ஒன்றேகால்.
நான்காம் நிமிடத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.
கை முழுசாகத் தெரிகிறது.
கீழே, இருட்டில்,
கொம்பும் காலும் அதனதன் இடத்தில்:
கொடு.