பிக்கப்

டிரிப் ஷீட்டில் ரெண்டே கட்டம்:
பிக்கப், ட்ராப்.
எட்டாவதோடு நின்ற எனக்கு
இந்த ரெண்டு சொல்லில்தான் பொழப்பு.

காங்கயத்தில் ஆறு அஞ்சு.
படியூரில் ஆறு இருபது.
அதைத் தாண்டினால் செங்காட்டுப் பிரிவு.
எங்கள் பக்கம் ரோடு கிளைக்கிற இடமெல்லாம் பிரிவுதான்;
யாரும் அழுவதில்லை.
டிபன் பையோடு நின்று
வேன் ஏறுகிறார்கள்.

வேனுக்கே இப்போது பிக்கப் இல்லை.
நல்லூர் மேட்டில் மூச்சு வாங்குகிறது.
"ஏனுங்ணா, எறங்கித் தள்ளோணுமா?"
பின்சீட்டில் ஒரே சிரிப்பு.
டீசல் பம்பைக் கழட்டணும் என்றான் மெக்கானிக்.
ஆர்டர் பிக்கப் ஆகட்டும், பார்க்கலாம் என்றார் முதலாளி.
நூல் விலை இறங்கினால்தான் ஆர்டராம்.
என் போனட்டுக்குள்ளும்
அவர் ஏசி ரூமுக்குள்ளும்
ஒரே சொல்
ஒரே சமயத்தில் ரிப்பேராகிக் கிடக்கிறது.

ஓவர்லாக் சுகந்தா ஒடிசாக்காரன்.
தை மாசம் வந்தபோது 'தண்ணி' மட்டும் தெரியும்.
ஆடிக்குள்
"சித்த நில்லுங்ணா, பையன் வாரானுங்" என்கிறான்.
நல்லாப் பிக்கப் பண்ணிட்டானே என்றாள்
மெர்ச்சன்டைசர் பொண்ணு.
கண்ணாடியில் அவனைப் பார்த்தேன்.
தினமும் அவனை நான் பிக்கப் பண்ணுகிறேன்.
அவன் எங்கே நின்று
எதை ஏற்றிக்கொண்டான்?
நான் இருபது வருஷமாய் இந்த ரோட்டில் ஓடியும்
ஒரு பாஷையும் ஏறவில்லை.

நம்ம 'எடு' மட்டும் லேசா?
தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம்,
காசு கொடுத்துத்தான்.
பொண்ணெடுத்த ஊர் என்கிறோம்,
பொண்ணைக் கேட்டா எடுத்தோம்?
பசி எடுக்கிறது,
எந்தக் கையால் என்று தெரிவதில்லை.
செக்கிங் மயிலாத்தா
போன பங்குனியில் பூவோடு எடுத்தாள்.
கங்கு அத்தனையும் கையில்.
சுடலீங்களா என்று கேட்டதற்கு,
சுட்டா கீழ போட்டுருவனா என்றாள்.

அந்த மயிலாத்தாதான்
திங்கள், செவ்வாய், புதன்
செங்காட்டுப் பிரிவில் இல்லை.
சூப்பர்வைசர் கூப்பிட்டார். எடுக்கவில்லை.
பக்கத்து டேபிள் பொண்ணு கூப்பிட்டாள்.
சுகந்தாவும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு
"எடுக்கலீங்" என்றான்,
இங்கேயே பிறந்தவன் மாதிரி உதட்டைப் பிதுக்கி.

மூணு நாள் போனால் பேரை அடிக்கணும், கம்பெனி ரூல்.
வியாழக்கிழமை ஷீட்டில்
செங்காட்டுப் பிரிவே இல்லை.
இருந்தது அவள் ஒருத்தி ஏறுகிற நிறுத்தம்.
காலுக்கு ஷீட் படிக்கத் தெரியாது,
பிரேக்கை மிதித்துவிட்டது.
ரோட்டோரம் ஒரு மைல்கல், ரெண்டு ஆடு.
பின்னால் யாரும் எதுவும் கேட்கவில்லை.
எஞ்சின் மட்டும் ஓடியது.

அவளைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.
என் போனும் அடிக்கும்,
மாசம் அஞ்சாம் தேதி தாண்டினால் நிற்காமல் அடிக்கும்.
ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்பது சட்டம்.
நிறுத்திய பின்பும் எடுக்காதது நான்.
ஊரையே பிக்கப் பண்ணுகிற மனுசன்
ஒரு போனைப் பண்ணவில்லை.
எடுக்காத பக்கம் என்ன இருக்கும் என்று
எனக்குத் தெரியும்:
ஆள் இருக்கும். பக்கத்தில்தான் இருக்கும்.
வெளிச்சம் அணைகிறவரை
திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்போது அடித்தது.
புது நம்பர்.
அவளோ என்று எடுத்துவிட்டேன்.
தவணைக்காரன்.
"என்னங்ணா, ஒருவழியா எடுத்துட்டீங்க" என்றான்,
நெசமாகவே சந்தோசப்பட்டு.
சனிக்கிழமை என்றேன்.
சரீங்ணா என்றான். அவ்வளவுதான். கங்கு ஒன்றுமில்லை.

வண்டியைக் கிளப்பினேன்.
ஆறு இருபத்தெட்டு, செங்காட்டுப் பிரிவு என்று
பேனாவால் எழுதினேன்.
பிக்கப் கட்டத்தில்
எதுவும் எழுதவில்லை.
அடிக்கவும் இல்லை.