ஏழாவது மரம்

மீட்டர் பார்க்கப் போகிறவனுக்கு
ஊரின் முதுகு தெரியும்.
முன்வாசல் மாபிள், பூச்சாடி, கதவுத் திரை
எல்லாம் மற்றவர்களுக்கு.
எனக்குக் கிணற்றடி, கோழிக்கூடு,
காயாத உடுப்பு, கடிக்கிற நாய்.

அப்படித்தான் காத்தான்குடியில்
ஆறு தீன் மரங்களைக் கண்டுபிடித்தேன்.

குளக்கட்டில் நிற்கிற அத்தி இல்லை இது.
அது அடிமரத்தில் குலைகுலையாய்க் காய்த்து
குரங்குக்கும் வௌவாலுக்கும் போகிறது.
இது ஆள் உயரம்.
இலை பூனை நாக்குப்போலச் சொரசொரக்கும்.
கிள்ளினால் பால்,
பட்ட இடம் மூன்று நாள் அரிக்கும்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில்
இலையை வைத்துப் பேனையால் சுற்றி வரைவேன்.
மூன்று விரல், ஐந்து விரல்,
விரலே பிரியாத ஒன்று.
பெரிய கெட்டிக்காரன் மாதிரி
வகை பிரித்து முடித்த மாதம்
உவைஸ் ஹாஜியாரின் மரத்தில்
ஒரே கொப்பில் மூன்றும் இருந்தன.
நிழலில் துளிர்த்தது ஒரு மாதிரி,
வெயிலில் இன்னொரு மாதிரி.
அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

பிறகுதான் பழத்தைப் பார்க்கப் பழகினேன்.
காம்பு நீளமா, கழுத்து இருக்கா,
அடியில் உள்ள கண் மூடியா திறந்தா.
திறந்த கண்ணால் எறும்பு போகும்,
மார்கழி மழையும் போகும், உள்ளே புளிக்கும்.
பிளந்தால் தேன் நிறமா, மாதுளைச் சிவப்பா.
கண்டி நேர்சரிச் சீட்டோடு வந்த ஒன்று
தன்னைப் 'பிறவுன் டேர்க்கி' என்றது.
பச்சையாய்ப் பழுத்து, பச்சையாய் விழுந்து
சீட்டைப் பொய்யாக்கியது.

ஏழாவது, வாவிக்கரை ஒழுங்கையில்
ஹிதாயா வீட்டுக் கிணற்றடியில்.
அம்மானில் பதினொரு வருஷம் வேலை.
வரும்போது எசமானியின் தோட்டத்தில் வெட்டிய
மூன்று தடி,
ஈரத் துவாயில் சுற்றி, உடுப்புக்கு நடுவில்.
இரண்டு அழுகிப் போச்சு.
ஒன்றைத் தயிர்ச்சட்டியில் ஊன்றி,
வேர் விட்டதும் மீன் றெஜிபோம் பெட்டிக்கு மாற்றி,
பிறகு மண்ணுக்கு.
கிணறு உவரென்று
பீலித் தண்ணி பிடித்து ஊற்றினாளாம்.

நாலு வருஷமாய்க் காய்க்கிறது.
பெருவிரல் அளவு வந்ததும்
மஞ்சளாகி, உள்ளே பஞ்சாகி,
ஒன்று மிச்சமில்லாமல் கொட்டுகிறது.
பசளை காணாது என்றார்களாம்.
கண்ணூறு என்றார்களாம்.
மருமகன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு காயைப் பிளந்தேன்.
உள்ளே எல்லாம் பூ.
ஒன்றிலும் விதை பிடிக்கவில்லை.
சொன்னேன்:
சில சாதி தானாய்ப் பழுக்கும்.
இது அந்தச் சாதி இல்லை போல.
இதன் கண்ணுக்குள் நுழைய ஒரு குளவி வேணும்,
நுளம்பிலும் சின்னது.
அது இதன் ஆண் மரம் நிற்கிற நாட்டில்தான் இருக்கும்.

"நம்மட அத்திக்கு வாற குளவி?"

அது வேற சாதி.
இந்த வாசல் அதுக்குத் தெரியாது.

கொட்டிக் கிடந்ததைக்
கொஞ்ச நேரம் கூட்டினாள் ஹிதாயா.
"அங்க இது நல்லாப் பழுத்த மரம், தம்பி.
மொட்டை மாடியில துணி விரிச்சு
கூடை கூடையாக் காய வெச்சிருக்கன்."

பெயர் கேட்டேன்.
எசமானி ஏதாவது சொல்லிக் கூப்பிட்டிருப்பாவே?

"கூப்பிட்டிருப்பா.
என்னையும் மர்யம் எண்டுதான் கூப்பிட்டா.
முதல் நாள் பேர் சொல்ல வாய் திறந்தன்.
வேணாம்,
முந்தி நிண்டவளும் மர்யம்தான் எண்டுட்டா."

மருமகனிடம் பேசிப் பார்த்தேன்.
வேர் நல்ல வேர், வெட்டாதீங்க.
ஹாஜியாரிட்ட ஒரு துண்டு கேட்டு
இதில் ஒட்டலாம், பிடிக்கும்.
அவர் கத்தியை நிலத்தில் வைத்தார்.

"ஒரு கொப்பில மட்டும் ஒட்டுங்க,"
அவள் ஈர்க்குமாறை நிறுத்தவில்லை.
"மற்றது கொட்டுறபடி கொட்டட்டும்."

புதுப் புத்தகத்தில் எழுதினேன்:
இலை ஐந்து விரல். கழுத்துக் குட்டை.
கண் மூடி. பழ நிறம் தெரியாது.
பெயர் எழுதும் இடத்தில்
மீட்டர் நம்பரைப் போட்டேன்.

யூனிட் நாற்பத்தொன்று.
அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வருவேன்,
பிளேட்டும் பொலித்தீன் பட்டியும் கொண்டு.
நாயைக் கட்டி வையுங்கள்.