குச்சிகள்

திங்கட்கிழமை எட்டு மணிக்கு
சிமெண்ட் முற்றத்தில்
எங்களுக்கு முன்பே வந்து
வரிசையில் நின்றிருக்கும் வெயில்.

வெள்ளைக் கையுறை மாட்டிய ஆறு பேர்
கொடியோடு சுற்றி வருவார்கள்.
சப்பாத்திக்கள்ளி மேல் கழுகு,
கழுகின் அலகில் பாம்பு,
காற்றில்லாத நாளில் மூன்றும்
துணி மடிப்பில் நசுங்கிக் கிடக்கும்.

வணங்குவது இப்படி:
வலக்கை மார்புக்குக் குறுக்கே,
விரல்கள் சேர்ந்து,
உள்ளங்கை தரையைப் பார்த்து.
பாப்பலோவாபான் ஆறு பொங்கிய வருடம்
தண்ணீர் எதுவரை ஏறியதென்று
சுவரோரம் நின்று அப்பா காட்டியதும்
இதே மாதிரிதான்.

அப்தியாஸ் மட்டும்
கைகளைத் தொங்கவிட்டிருந்தான்.
நிமிர்ந்துதான் நின்றான்.
சிரிக்கவில்லை, திரும்பவில்லை,
பக்கத்துப் பையனைக் கிள்ளவில்லை
(நாங்கள் கிள்ளினோம்).
கடவுளைத் தவிர
எதற்கும் கையெடுக்காத குடும்பம்.
சனிக்கிழமைகளில் கதவைத் தட்டும்;
அம்மா விளக்கை அணைத்துவிட்டு
எங்கள் வாயையும் பொத்திக்கொள்வாள்.

"ஒரு கைதானே?
என்ன கனம் கனக்கிறது உனக்கு?"
தலைமையாசிரியர் சாசரோ
ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.
அவன் தன் ஷூவைப் பார்த்தான்.
கயிறு சரியாகத்தான் கட்டியிருந்தது.

மறுவாரம் முதல் அவனுக்கு
வாசலுக்கு வெளியே இடம்.
வாழையிலையில் பொதிந்த தமாலே விற்பவள்
பானை மூடியைத் திறக்கும்போதெல்லாம்
ஆவியில் மறைவான்,
பிறகு அதே இடத்தில் தெரிவான்.

அக்டோபரில் குடிமையியல் தேர்வு.
நாட்டுப்பாட்டை முழுதாக எழுதுக.
ஐந்து வருடம் அதற்கு முரசடித்தவள் நான்.
முதல் பத்தி தாண்டியதும்
மண்டைக்குள் வெறும் டம டம டம.
அடுத்த பெஞ்சில் அவன்
காற்புள்ளி உட்பட எழுதிக்கொண்டே போனான்,
தாளைத் திருப்பி, இன்னும்.

எப்படிடா, என்றேன்.
"நீங்கள்லாம் கத்துறீங்க.
நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்."

தேர்வில் பத்துக்குப் பத்து.
நன்னடத்தையில் ஐந்து.

நவம்பரில் அவன் அம்மா வந்தாள்,
ஓட்டல் விரிப்புகளைத் துவைக்கிறவள்,
விரல் நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன.
தலைநகரிலிருந்து வந்த தாள் ஒன்றை
பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள்.
பிள்ளையை வெளியே நிறுத்தக் கூடாது,
மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது.
சாசரோ நின்றபடியே படித்தார்.
இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தார்.

அடுத்த திங்கள்
மூன்றாம் வரிசையில் அவன்.
கைகள் தொங்கியபடி.
வானம் இடிந்து விழவில்லை.
கழுகு பாம்பை விட்டுவிடவில்லை.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று
வெயிலில் வாந்தியெடுத்தது,
எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

முரசை அடித்துக்கொண்டே
அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன்,
என் இரண்டு கைகளிலும் குச்சிகள்.
ஐந்து வருடமாக
நானும் வணங்கியதில்லை.
என்னை ஒருவரும்
எதுவும் கேட்டதில்லை.

மே மாதம் முரசுத் தோல் கிழிந்தது.
புதுத்தோல் வேராகுரூஸிலிருந்து வரவேண்டும்.
வெறுங்கையோடு
நானும் மூன்றாம் வரிசைக்குப் போனேன்,
அவனுக்கு இரண்டு பேர் தள்ளி.
"செனைதா, நேரா நில்லு" என்றாள் டீச்சர்.
நேராகத்தான் நின்றேன்.

கொடி ஏறத் தொடங்கியது.
என் கை எனக்கே புதிதாக இருந்தது,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.
மெல்ல உயர்த்தினேன்.
வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே
ஒரு கணம் நின்றது அது,
தண்ணீர் இன்னும் ஏறுமா
இங்கேயே வடிந்துவிடுமா என்று
பார்ப்பது போல.

அப்தியாஸ் திரும்பவில்லை.
அவன்
பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான்.