சமவெளியில் ஒரு சரிவு

வடக்கு டகோட்டாவில் ரயில் வந்த இரண்டாம் வருஷம்
கடிதம் பிரித்து அடுக்குவது என் வேலை.
சுவரில் பதினெட்டு மரப்பெட்டிகள்.
அவற்றில் இரண்டின் மேல் ஒரே பெயர்:
டோலெஃப் பிரெக்கெ.

உறவில்லை. சாயல்கூட இல்லை.
ஒருவர் நெட்டை, ஓயாமல் புகையிலை மெல்லுவார்.
மற்றவருக்குக் காது மந்தம், ஆளி விதைப்பார்.

பிரெக்கெ என்றால் நார்வேக்காரர் பேச்சில் சரிவு.
மலைச்சரிவில் நின்ற பண்ணைக்கு அதுவே பெயர்,
பண்ணையில் குடியிருப்பவனுக்கும் அதே பெயர்.
வேறு பண்ணைக்குப் போகிறவன்
பழைய பெயரைச் சேற்றுச் செருப்போடு
வாசலில் கழற்றிவிட்டுப் போவானாம்.
அந்த நாட்டில் சரிவுக்கா பஞ்சம்?
கப்பலேறியவர்கள் மட்டும் கழற்றவில்லை.
பட்டியலில் எழுதியது எழுதியதுதான்.

இங்கோ
தரையில் முட்டையை வைத்தால் உருளாது.

ஜனவரியில் கறுப்புக் கரையிட்ட உறை ஒன்று வந்தது.
விரல் விறைத்திருந்தது, விளக்கில் எண்ணெய் குறைவு.
காரணங்கள்தான் இவை, சமாதானம் அல்ல.
நெட்டையரின் பெட்டியில் போட்டேன்.

அம்மா போய்விட்டாள்.
கொட்டகைக் கதவை அறுத்துப் பெட்டி செய்தோம்.
நிலம் உறைந்து கிடக்கிறது,
ஆப்பிள் மரத்தடியில் வைக்க
வசந்தம் வரவேண்டும்.
இப்படிக்கு, உன் தங்கை.

அவருக்கும் ஒரு தங்கை இருந்தாள்.
கொட்டகை இருந்தது, கதவு இருந்தது.
நாலாம் நாள்தான் உறைத்ததாம்,
தன் பண்ணையில் ஆப்பிள் மரமே இல்லையென்று.

ஒன்பது மைல், முழங்கால் பனி.
கடிதத்தைச் சட்டைக்குள் வைத்து நடந்தார்.
மந்தக் காதுக்காரர் வாசித்தார், மடித்தார்,
"நீ அழுதாயா?" என்றார்.
"மூணு நாள்."
கேட்கவில்லை. மறுபடி, சத்தமாக:
"மூணு நாள் அழுதேன்!"
"நல்லது. பதினாறு வருஷமாக நான் அவளைப் பார்க்கவில்லை.
யாராவது அழுதிருக்க வேண்டும்."

அதற்குப்பின் நெட்டையர்
வாராவாரம் தபால்தலை வாங்கினார்.
அவருடைய அம்மாவுக்கு.
கனத்த உறைகள், நானே நிறுத்தேன்.

கோடையில் ரயில் கம்பெனி ஆள் வந்தான்.
நிறுத்தத்துக்குப் பெயர் வேண்டுமாம்,
சின்னதாக, பலகையில் அடங்கும்படி.
எதிரே பெட்டிகள் இருந்தன.
வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

இப்போது இறங்குகிறவர்கள்
பலகையைப் படித்துவிட்டுச் சரிவைத் தேடுகிறார்கள்.
போன மாதம், காத்திருப்பு அறையில்
மாவுக்கூடையில் யாரோ விட்டுப்போன குழந்தையை
வேறு பெயர் தெரியாததால்
இங்க்ரி பிரெக்கெ என்று பதிந்துகொண்டார்கள்.
அவள் பெயரில் கடிதம் எதுவும் வரவில்லை,
பெட்டி ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஊர் யார் பெயரில் என்று
இருவரிடமும் கேட்டிருக்கிறார்கள்.
நெட்டையர் சொன்னாராம், "அவர் பெயரில்."
மந்தக் காதுக்காரர் சொன்னாராம், "அவன் பெயரில்."

நான் திருத்தவில்லை.
இந்தமுறை சரியான பெட்டி எதுவென்று
எனக்கே தெரியாது.