பச்சைப் பொய்

பவியாவில் பிப்ரவரி. தீச்சினோ ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
மூன்றாம் மாடி வரை வந்து நின்றது.
ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது.
எவரிஸ்தோவின் நனைந்த கோட்டைப் பார்த்துத்தான்
எங்களுக்கே தெரிந்தது.

அதற்கு முன் மூன்று வாரம்
நானும் ஒர்னெல்லாவும்
ஒரு புள்ளியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம்.

சிலிக்கான் சவ்வு. தடிமன் என்று சொல்லவே கூச்சம்:
தலைமுடியை முந்நூறாக வகிர்ந்ததில் ஒரு கீற்று.
அதில் துளைகள்,
எந்தச் சல்லடையும் வெட்கும் ஒழுங்கில்.
நடுவில் மூன்றை மட்டும்
போடாமல் விட்டோம்.
அந்தப் போடாமைதான் அறை.
சுற்றியுள்ள துளைகளெல்லாம் வழிமறிக்க
ஒளி அங்கே மாட்டிக்கொள்ளும்,
நானோநொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்.
நமக்கு அது ஒன்றுமில்லை.
ஒளிக்கு, பதினையாயிரம் முறை அதிர்ந்து தீர்க்கும்
ஒரு முழு ஆயுள்.

உள்ளே அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.
அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது
ஒன்றன்பின் ஒன்றாக வைப்பவர்களின் கணக்கு.
இங்கே மூன்று அடியும்
ஒரே கணத்தில் விழவேண்டும்.
அந்த நெரிசலில்
மூன்று ஒளித்துகள் தம்மைத் தொலைத்து
ஒன்றாய் எழும்: பச்சை.
எழுந்ததில் பெரும்பங்கைச் சிலிக்கானே விழுங்கிவிடும்.
மிச்சம் தப்பி வந்தால்
காமிராவில் ஒரு புள்ளி.

வந்தது. முதல் நாளே வந்தது.
அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
நான் ஜெனோவாவிலிருக்கும் தங்கைக்குப்
படம் கூட அனுப்பிவிட்டேன்.

எவரிஸ்தோ ஏணியோடு வந்தார்.
கதவின் மேலே 'வெளியேறும் வழி' என்று
எப்போதும் எரியும் விளக்கு
சிணுங்குகிறதாம், மாற்றவேண்டுமாம்.
கழற்றினார்.
திரையில் எங்கள் புள்ளி
அணைந்தது.

யாரும் பேசவில்லை.
லேசரை அணைத்துச் சரிபார்த்த ஒவ்வொரு முறையும்
காமிராவின் மூடியையும் சேர்த்தே மூடியிருக்கிறோம்.
மூன்று வாரமாக நாங்கள் அளந்தது
ஒரு கதவின் தலைப்பலகையை.
பச்சைப் பொய் என்றால் இதுதான்.

ஒர்னெல்லா நாற்காலியைத் திருப்பினாள்.
"ஒரு மணி நேரம் அதை மாட்டாதீர்கள்."
"சட்டம் இடம் தராது, அம்மணி."
பிறகு, எங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்,
ஏணியை மடக்கிச் சாத்திவிட்டு
கதவில் முதுகை ஊன்றி நின்றுகொண்டார்.
"தீ பிடித்தால் என் குரலை நோக்கி ஓடிவாருங்கள்.
இப்போதைக்கு நான்தான் வெளியேறும் வழி."

மின்கருவிகளின் சின்னஞ்சிறு கண்களுக்கெல்லாம்
கறுப்பு நாடா ஒட்டினோம்.
கடிகாரத்தை என் சட்டைப் பைக்குள் போட்டேன்.
இருட்டு,
முதலில் அறையில், அப்புறம்தான் கண்ணில்.
எவரிஸ்தோவின் மூச்சில் புகையிலை வாடை.
முப்பது நொடி திறப்பு. ஒன்றுமில்லை.
அலைநீளத்தை ஒரு மயிரிழை தள்ளினாள்.
ஒன்றுமில்லை.
இன்னொரு இழை.

பழைய இடத்துக்குச் சற்று இடப்புறம்,
பழையதைப் போலப் பகட்டாக அல்ல,
உண்டா இல்லையா என்று ஒரு துளி.

"நம்பாதே," என்றாள். எனக்கா, தனக்கா, தெரியவில்லை.
லேசரைப் பாதியாகக் குறைத்தாள்.
துளி ஏறக்குறைய செத்தது.
எண்ணிப் பார்த்தோம்: எட்டில் ஒன்றுக்குச் சற்று மேல்.

இருட்டிலிருந்து எவரிஸ்தோ கேட்டார்:
"பாதி கொடுத்தால் பாதியாவது திரும்பி வர வேண்டாமா?"
"வந்திருந்தால் அழுதிருப்பேன்," என்றாள் அவள்.
பாதிக்குப் பாதி எதுவும் தரும்,
தெருவிளக்கும் தரும்.
மூன்று பேர் சேர்ந்தே ஆகவேண்டிய இடத்தில்தான்
கூட்டம் கொஞ்சம் கலைந்தாலும்
வேலை மொத்தமும் நிற்கும்.

அவர் "ம்" என்றார்.
அவருடைய தொழிற்சங்கத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

விளக்கு மறுபடி ஏறியது. புதுசு,
முன்னைவிடப் பச்சை.
அதன் கீழே ஒர்னெல்லா
மூன்று வாரப் பக்கங்களைக் கிழிக்காமல்
குறுக்கே ஒரே கோடு இழுத்தாள், பக்கத்துக்கு ஒன்று.
கடைசிப் பக்கத்தின் ஓரத்தில்
பென்சிலால் சின்னதாக: 7.9.

வெளியே பனியில் எவரிஸ்தோவின் சைக்கிள்
பூட்டுத் திறக்க மாட்டாமல்
வெகுநேரம் உலோகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.